பழைய காஸ்ட் அயர்ன் பேஸ்போர்டு: வாங்கி, பிரிச்சு, கழுவி, மாட்டின வரைக்கும்

பின் ரூம் ஒருவழியா சூடாகுது. போன வாரம் வெளில 14 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் 10, அந்த ராத்திரி கூட ரூம் 68ல அசையாம நின்னுச்சு, மறக்குறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். வீடு நியூ ஜெர்சில, 1950கள்ல கட்டின கேப் காட் டைப். முன்னாடி ஹால், டைனிங், பெட்ரூம் எல்லாத்துலயும் ஒரிஜினல் காஸ்ட் அயர்ன் பேஸ்போர்டு, அதாவது சுவத்தடியில ஸ்கர்ட்டிங் ஓடுற இடத்துல சுமார் 10 இஞ்ச் உயரம், ரெண்டரை இஞ்ச் கனத்துல வார்ப்பிரும்பு, உள்ள பாய்லர் வெந்நீர் ஓடும். பின்னாடி ஃபேமிலி ரூம் மட்டும் பிற்பாடு யாரோ இழுத்துக் கட்டினது. அங்க செலவு கம்மின்னு காப்பர் குழாய்ல அலுமினியம் தகடு கோத்த ஃபின் ட்யூப் போட்டு அதையும் இதே லூப்புல சேத்து விட்டுட்டாங்க.

வம்பே அங்கதான். தெர்மோஸ்டாட் ஹால்ல இருக்கு. பாய்லர் ஓட ஆரம்பிச்சா ஃபின் ட்யூப் அஞ்சு நிமிஷத்துல கொதிக்கும், இரும்பு மெதுவாதான் ஏறும், அதனால ஹால் சூடாகுறதுக்குள்ள பின் ரூம்ல ஜன்னல் தொறக்கணும் போல இருக்கும். பாய்லர் நின்னதும் கதை தலைகீழ். இரும்பு ரொம்ப நேரம் சூட்டை வச்சிருக்கும், ஹால் சுகமா இருக்கும், தெர்மோஸ்டாட் கூப்பிடாது, பின் ரூம்ல ஃபின் ட்யூப் ஆறி நாங்க கம்பளியோட டிவி பாப்போம். ஒரே ஸோன்ல, அதாவது ஒரே தெர்மோஸ்டாட் பாத்துக்கிற பகுதில, இந்த ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு ஹீட்டிங் ஆளுங்க எல்லாரும் சொல்வாங்க, ஏன்னு இந்த வீட்டுல இருந்தா தானா தெரியும். சரியான வழி பின் ரூமை தனி ஸோனா பிரிக்கிறது, இல்லன்னா அங்கயும் இரும்பே போடுறது. எனக்கு ரெண்டாவது பிடிச்சுது.

முதல்ல கணக்கு. ரூம் 14க்கு 20 அடி, மூணு பக்கம் வெளிச்சுவர், கீழ கிரால் ஸ்பேஸ் (தரைக்கு அடியில தவழ்ந்து போற அளவுக்கு இருக்கிற இடம்), ஒரு பெரிய ஸ்லைடிங் டோர். வெளில 10 டிகிரி, உள்ள 70னு வச்சு ரூமுக்கு எவ்வளவு சூடு வேணும்னு கணக்கு போடுற மேனுவல் ஜே முறைல போட்டுப் பாத்தா மணிக்கு சுமார் 9,000 பி.டி.யூ. (சூட்டை அளக்கிற அலகு) சூடு வெளிய போகுது. காஸ்ட் அயர்ன் பேஸ்போர்டு சராசரி 170 டிகிரி தண்ணில அடிக்கு 500 சொச்சம் குடுக்கும், ஆக 18 அடியாவது வேணும். ஒண்ணு கவனிங்க, சாதாரண முக்கால் இஞ்ச் ஃபின் ட்யூப்பே 180 டிகிரில அடிக்கு 580 குடுக்கும். இரும்பு போட்டா சூடு அதிகமா வரும்னு நினைச்சு வாங்காதீங்க, வர்ற சூடு ஏத்த இறக்கம் இல்லாம வரும், அவ்வளவுதான்.

புதுசு இன்னும் கிடைக்குது, பர்ன்ஹாம் கம்பெனியோட பேஸ்ரேனு கேட்டாலே கடைக்காரங்களுக்குத் தெரியும், ஆனா விலையைப் பாத்துட்டு பழசு தேடப் போயிட்டேன். பக்கத்து ஊர்ல ஒரு வீட்டை உள்பக்கம் பூரா பிரிச்சுப் போட்டு ரெனவேட் பண்றவர் 22 அடியை 350 டாலருக்கு விட்டார். பழசு வாங்கப் போனா கையில சின்ன சுத்தியலும் டார்ச்சும் இருக்கணும். பானை வாங்கும்போது தட்டிப் பாக்குற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் லேசா தட்டணும், நல்ல இரும்பு கிணீர்னு பேசும், விரிசல் விட்டது சொத்துனு சத்தம் வரும். ஹீட்டிங் இல்லாம குளிர்காலத்துல சும்மா கிடந்த வீட்டுல இருந்து வந்ததுன்னா ரொம்ப உஷாரா இருக்கணும், உள்ள நின்ன தண்ணி உறைஞ்சா இரும்பு விட்டுடும், அந்த விரிசல் பெயின்ட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். இந்த 22 அடி போக இன்னொரு நாலடி துண்டும் இருந்துச்சு, எனக்கு அதோட சத்தம் சரியில்ல, அதை அங்கயே விட்டுட்டேன், அவரும் முகம் சுளிக்கல.

தூக்குறது தனி வேலை. ஆறடி துண்டுக்கே ரெண்டு ஆள் வேணும். படுக்க வச்சு தூக்கினா நடுவுல தொய்ஞ்சு ஜாயின்ட் பிச்சுக்கும், அதனால நிக்க வச்ச வாக்குல, அடியில ஒரு பலகை குடுத்துதான் வண்டில ஏத்தணும். ஃப்ரெண்ட் ஒருத்தன் கை குடுத்தான், ரெண்டாவது துண்டு தூக்கும்போதே "டேய், நம்ம ஊர்ல ஏசி மாட்ட மூணு ஆள் வருவான், நீ இங்க இரும்பு தூக்கிட்டு திரியுற"ன்னு ஆரம்பிச்சான், பிரியாணி சொல்லி வாயை அடைச்சேன்.

எனக்கு வேண்டியது பின் சுவத்துல ஜன்னலுக்கு அடியில ஒரே நீளமா 12 அடி, பக்கச் சுவத்துல 8 அடி. வந்த துண்டுங்க அந்த நீளத்துல இல்ல, அதனால பிரிச்சு மறுபடி கோக்கணும். இந்த ரேடியேட்டர் செக்ஷன் செக்ஷனா வரும், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணு புஷ் நிப்பிள். நிப்பிள்ல மரை கிடையாது, ரெண்டு பக்கமும் லேசா கூம்பின இரும்பு வளையம், அதை ஓட்டைல வச்சு போல்ட் போட்டு ரெண்டு செக்ஷனையும் இறுக்கினா இரும்போட இரும்பு கவ்விக்கும். எழுபது வருஷம் துருப்பிடிச்ச போல்ட் ஸ்பேனருக்கு அசையுமா, பெனட்ரேட்டிங் ஆயில் ஊத்தி ராத்திரி பூரா ஊற விட்டும் பாதிக்கு மேல தலை உருண்டுடுச்சு. கிரைண்டர்ல வெட்டி எடுத்தேன், எப்படியும் புது போல்ட்தான் போடப் போறோம், அதுல பாவம் பாக்க வேண்டாம். போல்ட் போனதும் ஜாயின்ட் இடுக்குல மேல ஒரு ஆப்பு, கீழ ஒரு ஆப்பு, மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, மாத்தி மாத்தி. ஒரே பக்கம் அடிச்சா நிப்பிள் கோணிக்கிட்டு ஓட்டையோட உதட்டை உடைச்சிடும், அப்புறம் அந்த செக்ஷன் பழைய இரும்பு கடைக்குத்தான்.

பெயின்ட்டுக்கு வருவோம். அமெரிக்கால வீட்டுக்கான லெட் பெயின்ட்டை 1978ல தடை பண்ணாங்க, இந்த ரேடியேட்டர் அதுக்கு முந்தினது. டெஸ்ட் குச்சி தேய்ச்சதும் சிவப்பா மாறிடுச்சு. வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க, உப்புத்தாளோ கிரைண்டர் பிரஷ்ஷோ போட்டு தூசி கிளப்புற பேச்சே கிடையாது. பெயின்ட் ஸ்ட்ரிப்பர் ஜெல் வாங்கி ஒரு செக்ஷன்ல பூசிப் பாத்தேன், முன்பக்கம் அழகா உரிஞ்சு வந்துச்சு, பின்பக்கம் நெருக்கமா இருக்கிற ஃபின் இடுக்குல போன ஜெல்லும் பெயின்ட்டும் கலந்து கொழகொழன்னு அடைச்சுக்கிச்சு, பல் தேய்க்கிற பிரஷ் வச்சு சுரண்டி ஒரு செக்ஷனுக்கே சாயங்காலம் ஓடிடுச்சு. அதோட விட்டுட்டு, லெட் பெயின்ட் எடுக்க ஒத்துக்கிற ஒரு சாண்ட் பிளாஸ்டிங் பட்டறைல குடுத்தேன், மொத்தமா 280 டாலர். குடுக்குறதுக்கு முன்னாடி நிப்பிள் ஓட்டை, குழாய் மாட்டுற மரை எல்லாத்தையும் ரப்பர் அடைப்பான் போட்டு மேல டேப் சுத்திக் குடுக்கணும், இல்லன்னா மணல் உள்ள போறதும் இல்லாம நிப்பிள் உக்கார்ற முகமும் சொரசொரன்னு ஆயிடும். பிளாஸ்ட் ஆகி வந்த இரும்பு வெள்ளி மாதிரி இருக்கும், தொடாதீங்க, கை ஈரமே அதுக்கு துரு. வீட்டுக்கு வந்த அன்னிக்கே பிரைமர் அடிச்சாகணும்.

பட்டறைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே செஞ்ச வேலை உள்பக்கம் கழுவுறது. டிரைவ்வேல வச்சு ஒரு ஓட்டைல தோட்டத்து ஹோஸ் சொருகினா மறுபக்கம் கருப்பா மை கொட்டுற மாதிரி தண்ணி வருது. பாதி தெளிஞ்சதும் ஹோஸை எதிர்ப்பக்கம் மாத்தினா மறுபடி கருப்பு. அப்படி திருப்பித் திருப்பி, நடுவுல மரச் சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே விட்டாதான் அடியில படிஞ்ச சேறு கிளம்பும். வீட்டம்மா எட்டிப் பாத்து "ஏங்க, இந்தத் தண்ணிதான் இவ்வளவு நாளா நம்ம வீட்டுக்குள்ள ஓடுதா"ன்னு கேட்டாங்க. ஆமா, முன் ரூம்ல இன்னும் ஓடுது.

கோக்குற வேலைதான் இதுல முக்கியம், இங்க காட்டுற பொறுமைலதான் மத்ததெல்லாம் நிக்குது. பழைய நிப்பிளை திரும்பப் போடாதீங்க. ஓட்டையோட விட்டத்தை காலிப்பர் வச்சு அளந்து, அந்த அளவு சொல்லி புது நிப்பிள் வாங்கினேன், போல்ட், வாஷர் எல்லாம் சேத்து 90 டாலர். ஓட்டைக்குள்ள எமரி துணியை விரல்ல சுத்தி வட்டமா தேய்க்கணும், மின்னுற வரைக்கும். டிரில்லு, கிரைண்டர்னு எதையும் உள்ள விடக் கூடாது, ஒரு கீறல் விழுந்தா தண்ணிக்கு அதுவே பாதை. சீலன்ட் லேசா ஒரு பூச்சு, நிப்பிளை நேரா வச்சு மரக்கட்டை குடுத்து தட்டி உக்கார வைக்கணும், அப்புறம் மேலயும் கீழயும் போல்ட்டை அரை அரைச் சுத்தா மாத்தி மாத்தி இறுக்கணும். இடைவெளி மேலயும் கீழயும் ஒண்ணா குறையுதான்னு ஃபீலர் கேஜ் வச்சு பாத்துக்கிட்டே போகணும். கராஜ் தரை மட்டமா இல்லாததால ரெண்டு நேரான கட்டையைப் போட்டு ரசமட்டம் வச்சு, அது மேலதான் கோத்தேன்.

12 அடி கோத்து முடிச்சதும் எல்லா வாயையும் பிளக் போட்டு அடைச்சு, ஒரு வாய்ல பிரஷர் கேஜும் கையால அடிக்கிற டெஸ்ட் பம்ப்பும் மாட்டினேன். காத்துல டெஸ்ட் பண்றது சுலபம்தான், ஆனா காத்தழுத்தத்துல வார்ப்பிரும்பு விட்டா சிதறும், தண்ணில விட்டா ஒழுகும். அதனால 5 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கிற அலகு) காத்துல சோப்புத் தண்ணி தடவி ஒரு பார்வை, அப்புறம் உள்ள காத்தே இல்லாம தண்ணி நிரப்பி 45 பி.எஸ்.ஐ. வீட்டு பாய்லர்ல அழுத்தம் மீறினா தண்ணியை வெளிய விடுற ரிலீஃப் வால்வு 30ல தொறந்துடும், அதுல ஒண்ணரை மடங்கு இது. நடு ஜாயின்ட்ல கீழ நிப்பிள் சொட்டுச்சு. இன்னும் இறுக்கினா நின்னுடும்னு கை துறுதுறுன்னுது, ஆனா இடைவெளி ஏற்கனவே முழுசா மூடியாச்சு, அதுக்கு மேல இறுக்கினா போல்ட் மாட்டுற இரும்புக் காதுதான் ஒடையும். பிரிச்சுப் பாத்தா ஓட்டையோட உதட்டுல அரை விரல் நீளத்துக்கு பழைய துரு ஒரு வரப்பா நின்னுருக்கு, எமரி அது மேல வழுக்கிட்டுப் போயிருக்கு. தேய்ச்சு, புது நிப்பிள் போட்டு, மறுபடி 45. காலைல வந்து பாக்கும்போது முள் அதே இடம். கராஜ் ராத்திரி குளிர்ந்தா முள் கொஞ்சம் இறங்கும், அது ஒழுகல் இல்ல, ஜாயின்ட்டுக்கு அடியில காகிதம் விரிச்சு வச்சா ஈரம் இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடும். இதே சொட்டு ரூம்ல மாட்டி முடிச்ச பிறகு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பெயின்ட் அல்கிட் எனாமல், சாட்டின், சுவர் கலர். வெள்ளி, வெண்கலக் கலர்ல வர்ற உலோகப் பெயின்ட்டை மேல் பூச்சா அடிச்சா சூடு வீசுறது குறையும், மத்த எந்தக் கலரா இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. கருப்புதான் நல்லதுன்னு சொல்றதை நம்பி ஹாலை கெடுத்துக்காதீங்க.

ரூம்ல பழைய ஃபின் ட்யூப்பைக் கழட்டினதும் பின்னாடி சுவரும் தரையும் சேர்ற இடத்துல கை வச்சா சில்லுனு காத்து. ரேடியேட்டர் உக்காந்துட்டா அந்த இடத்தைத் திரும்பப் பாக்கவே முடியாது, அதனால இடுக்கு எல்லாத்தையும் கால்க் போட்டு அடைச்சு, சுவத்தையும் அப்பவே பெயின்ட் அடிச்சு முடிச்சுக்கணும். கார்பெட்டை ரேடியேட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்தாச்சு, அடியில காத்து உள்ள போனாதான் மேல சூடா வெளிய வரும். தரை 12 அடில மூணு நூல் (ஒரு நூல்னா இஞ்சில எட்டுல ஒரு பங்கு) சரிஞ்சிருந்துச்சு. அப்படியே வச்சா காத்து ஒசந்த பக்கம் போய் தேங்கும், அதனால மெல்லிசா பிளாஸ்டிக் ஷிம் குடுத்து மட்டம் பண்ணி, ஏர் வென்ட் இருக்கிற முனையை மட்டும் ஒரு முடி தூக்கி வச்சேன். சுவத்துக்குள்ள நிக்கிற மரச்சட்டம் (ஸ்டட்) பாத்து மாட்டுற ஸ்க்ரூவை முழுசா இறுக்கக் கூடாது. 70ல இருந்து 180க்கு ஏறும்போது 12 அடி இரும்பு முக்கா நூல் நீளும், நகர இடம் குடுக்கலன்னா ராத்திரி டக்கு டக்குனு பேசும். ரெண்டு முனையிலயும் கால் இஞ்ச் விட்டேன்.

குழாய் கிரால் ஸ்பேஸ் வழியா. கொஞ்ச தூரம் முக்கால் இஞ்ச் காப்பர், மிச்சம் பெக்ஸ்ங்கிற பிளாஸ்டிக் குழாய். பெக்ஸ் வாங்கும்போது ஆக்ஸிஜன் பேரியர் உள்ளதான்னு கேட்டு வாங்குங்க, குடிதண்ணிக்கு வர்ற சாதாரண பெக்ஸ் சுவர் வழியா ஆக்ஸிஜனை உள்ள விடும், அது இரும்பையும் பாய்லரையும் சேத்து துரு பிடிக்க வைக்கும். ரேடியேட்டர் மரைல டெஃப்லான் டேப்பும் பைப் டோப்பும் போட்டு கையால எவ்வளவு போகுதோ போகட்டும், அப்புறம் ரெஞ்ச்ல நிதானமா, வார்ப்பிரும்பு மரை ஸ்டீல் மாதிரி விட்டுக்குடுக்காது. ரெண்டு பக்கமும் பிரிச்சு மாட்ட யூனியன், தண்ணியை நிறுத்த பால் (ball) வால்வு, காத்து தள்ள ஒரு டிரெயின் வாய். பெர்மிட் 85 டாலர், நியூ ஜெர்சில சொந்த வீட்டுல தானே குடியிருக்கிறவங்க இந்த வேலையை பெர்மிட் எடுத்து தானே செய்யலாம், இன்ஸ்பெக்டர் வந்து கேஜைப் பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டுப் போனார்.

தண்ணி நிரப்பி 12 பி.எஸ்.ஐ., காத்தெல்லாம் தள்ளி, பாய்லரை ஏத்தினேன். முதல் சூட்டுல பெயின்ட் வாடை வரும், ஜன்னலைத் தொறந்து வச்சுக்கங்க. நான் எதிர்பாக்காதது பாய்லர் மேல இருக்கிற கேஜ். குளிர்ந்தா 12, 180க்கு ஏறினா 27. இந்த இரும்புல ஃபின் ட்யூப்பை விட பல மடங்கு தண்ணி நிக்குது, சூடானா அதுவும் விரியும், அந்த விரிவுக்கு இடம் குடுக்கத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க், பழைய 2 கேலன் டேங்குக்கு அது தாங்கல. 4.4 கேலன் டேங்க் வாங்கி, மாட்டுறதுக்கு முன்னாடி சைக்கிள் பம்ப்ல 12 பி.எஸ்.ஐ. காத்து சரி பாத்து மாட்டினேன், 60 டாலர். இப்ப சூட்டுல 18க்கு மேல போகல.

சத்தமும் வந்துச்சு. ஸ்டெதஸ்கோப் மாதிரி ஸ்க்ரூடிரைவரை காதுல வச்சு தேடினா ரேடியேட்டர் மேல தப்பே இல்ல, காப்பர் தரையைத் தாண்டி வர்ற ஓட்டைல மரத்தை உரசுது. காப்பர் இரும்பை விட அதிகமா நீளும், 30 அடிக்கு மூணு நூல். ஓட்டையைப் பெருசாக்கி, பால் கேன் பிளாஸ்டிக்கை வெட்டி சுத்தி சொருகினதும் சத்தம் போச்சு.

டெம்பரேச்சர் அளக்க ஐ.ஆர். கன் வச்சிருந்தா பளபளக்கிற காப்பர் மேல நேரா அடிக்காதீங்க, கண்டபடி கம்மியா காட்டும், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து சுத்தி அது மேல அடிங்க. எனக்கு போற தண்ணி 178, வர்றது 160. தொடக்கத்துல திரும்பி வர்ற தண்ணி 130க்கு கீழ ரொம்ப நேரம் நிக்குதான்னும் பாத்தேன், கண்டென்சிங் இல்லாத பழைய கேஸ் பாய்லர்ல அப்படி நின்னா புகைபோக்கில நீர் கோத்து அரிக்கும். கொஞ்ச நேரத்துலயே தாண்டிடுது.

செலவு: ரேடியேட்டர் 350, பிளாஸ்டிங் 280, நிப்பிள் வகையறா 90, குழாய் வால்வு எல்லாம் 310, பெயின்ட் 65, பெர்மிட் 85, டேங்க் 60, ஆக 1,240 டாலர், பிரியாணி தனி. மறுபடி செஞ்சா ஜெல் பக்கமே போகாம நேரா பட்டறைக்கு அனுப்புவேன், பிரிச்ச செக்ஷனா அனுப்புறது தூக்கவும் லேசு. டேங்கை முதல்லயே மாத்திடுவேன். ராத்திரி தெர்மோஸ்டாட்டை 8 டிகிரி இறக்குற பழக்கத்தையும் விட்டாச்சு, இரும்பு காலைல திரும்ப ஏற நேரம் எடுக்குது, இப்ப ரெண்டு மூணு டிகிரிதான்.

மிச்சம் ரெண்டடி துண்டு கராஜ்ல நிக்குது. மாடி பாத்ரூம்ல போடலாம்னு அளந்து பாத்தேன், ரெண்டடிக்கு 1,000 பி.டி.யூ.தான் வரும், அந்த பாத்ரூமுக்கு கணக்குல 1,700 வேணும். இன்னொரு ரெண்டடி தேடணும்.